பக்கத்து வீட்டு ஹீட்டரும் எஸ்தரின் எவர்சில்வர் டப்பாவும்

வீட்டிலேயே ஒரு சின்ன செட் வாங்கிப் போட்டு, மெல்லிய தகட்டில் ஆர்கான் வெல்டிங் பழகலாமா என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். பழகலாம் தம்பி, தாராளமாகப் பழகலாம். ஆனால் அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் ஹீட்டர் வைத்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சமையலறைப் பாத்திரங்களில் எதெல்லாம் மாமியார் வீட்டுச் சீர் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கென்ன, சிரிக்கலாம். உங்கள் மெஷின்களை நானும் பார்த்தேன். லைனில் கரண்ட் குறைந்தால் அதுவே சரிக்கட்டிக்கொள்கிறது, கூடினால் அதுவே அடக்கிக்கொள்கிறது. பொறாமையாக இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் காலத்து மெஷினுக்குச் சுடத்தான் தெரியும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாது. அது எனக்கும் தெரியாமல் இருந்தபோது நடந்த கதை இது.

எழுபதுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் நான் வெல்டராக இருந்தேன். கேட், கிரில், தண்ணீர் டேங்க், உடைந்து வரும் லாரிச் சட்டங்கள், இவைதான் என் உலகம். கனமான இரும்பு. அதில் எவ்வளவு அசட்டையாக இருந்தாலும் அது மன்னித்துவிடும். வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான், நான் டெம்பரரி. மாதக் கடைசியில் முதலாளி என்னைப் பார்த்து, "அடுத்த மாசமும் வந்துரு" என்பார். எனக்குக் கிடைத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அதுதான். கல்யாணமாகி எஸ்தர் வீட்டுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவளும் என்னோடு சேர்ந்து அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

முதலாளி புதுப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம் செய்து மேலே வந்தவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதியில் விட்டுப் பொறுமையாக உட்காரத் தெரியாதவர். ஒரு நாள் மருந்து கம்பெனி ஒன்றுக்கு ஸ்டெயின்லெஸ் தொட்டிகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு வந்தார். தகடு மிகவும் மெல்லியது. சாதாரண வெல்டிங் ராடை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலே தகடு காணாமல் போய்விடும். ஆர்கான் வாயு மூட்டத்துக்குள்ளே, ஊசி முனையில் நெருப்பு வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அதற்காக ஏலத்தில் ஒரு மெஷினையும் வாங்கிப் போட்டுவிட்டார். ஆள்தான் இல்லை.

"இன்னாங்கப்பா, எவனுக்காவது ஆர்கான் போடத் தெரியுமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"நான் போடுறேன் முதலாளி" என்று ஒரு குரல் வந்தது. யாரடா அந்தத் தைரியசாலி என்று பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என் தோளில் கை போட்டார். "சாமுவேலு, அந்தக் கம்பெனி இன்ஸ்பெக்டரு கல்கத்தாலேர்ந்து வந்து டெஸ்ட் வெப்பாரு. பாஸ் பண்ணிட்டன்னு வெச்சுக்க, அன்னிக்கே நீ பெர்மனன்ட். ஊத்திக்கிச்சுன்னா பம்பாயிலேர்ந்து ஆள் இட்டாந்துருவேன். அப்பால உனக்கு இங்க வேலை இல்ல. இன்னா சொல்ற?"

சொல்வதற்கு என்ன இருக்கிறது? வாயைக் கொடுத்தாகிவிட்டது.

புது மெஷினை அவர் என்னைத் தொட விடவில்லை. அதற்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பழைய படுதா ஒன்றால் மூடி வைத்திருந்தார். அதே ஏலத்தில் கொசுறாக வந்த இன்னொரு பழைய செட் மூலையில் கிடந்தது. "அத்த வூட்டுக்கு எத்துகினு போய்க் கத்துக்க" என்று சொல்லி, பாதி காலியான ஆர்கான் சிலிண்டரையும் கொடுத்தார். தகடு கேட்டேன். "தகடா? அது எனக்கே அளந்துதான் வருது" என்றார்.

எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. மீன்பாடி வண்டியில் செட்டையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு நான் தெருவுக்குள் நுழைந்தபோது வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. சமையல் கேஸ் என்பது அப்போது பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டிய சங்கதி. அது எந்த வீட்டுக்கு வந்தாலும் தெருவே போய்ப் பார்த்துவிட்டு வரும். இறக்கி வைப்பதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள்.

"எஸ்தரக்கா, கேஸ் வந்திருச்சு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"இது சமையல் கேஸ் இல்ல. இவரு வேலைக்கு."

"பரவாயில்ல, ஒரு காபி மட்டும் போட்டுக் காட்டுங்களேன்."

"இந்த கேஸ் எரியவே எரியாதாம்" என்றாள் எஸ்தர்.

அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எரியாத கேஸை யாரோ என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பேச்சு.

சமையலறைக்குப் பின்னால் விறகு போடும் சாய்ப்பில் செட்டை வைத்தேன். காற்று அடித்தால் ஆர்கான் கலைந்துவிடும், அதனால் ஃபேன் கூடாது. தடித்த சட்டை, கையுறை, முகத்துக்கு ஷீல்டு. சேலையூர் வெயிலில் இத்தனையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வெல்டிங் ஆகிறதோ இல்லையோ, மனிதன் வெந்துவிடுவான்.

மெல்லிய தகட்டுக்கு எங்கே போவது? முதலில் தாம்பரம் மார்க்கெட் சலூன்களில் பழைய சவர பிளேடுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு பிளேடுகளை ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டிப் பழகினேன். பழகினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நெருப்பு வரும் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோவேன், பிளேடு இருக்கும். ஷீல்டைத் தூக்கிப் பார்ப்பேன், பிளேடு இருக்காது. அப்புறம் பவுடர் டப்பா, பிஸ்கட் டின் என்று வீட்டில் தகடாக இருந்ததையெல்லாம் தீர்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், கவனியுங்கள். மெல்லிய தகட்டில் முதல் ஓட்டை விழுவது தப்பே இல்லை. எல்லோருக்கும் விழும். முதலில் விழுவது குண்டூசி நுழையும் அளவுதான். அதைப் பார்த்ததும் மனசு சும்மா இருக்காது. ஒரு சொட்டுக் கம்பியை உருக்கி மூடிவிடலாம் என்று கை போகும். சூட்டில் இருக்கும் தகடு அந்த ஒரு சொட்டைத் தாங்காது. குண்டூசி காலணாவாகும். காலணாவை மூடப் போனால் தகட்டில் நடுப்பாகமே இருக்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, எனக்குக் குரங்குகூட மிஞ்சியதில்லை, வால்தான் மிஞ்சியது.

டின் தகடெல்லாம் வேலைக்கு ஆகாது, ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்று எனக்குப் புரிந்தபோது, எஸ்தர் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி ஒருத்தி கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவாள். எவர்சில்வர் என்றால் ஸ்டெயின்லெஸ்தானே. எஸ்தர் என்னுடைய வேலைப் பேண்ட்டுகளை எடுத்து வந்து வாசலில் போட்டாள். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்மணி ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இது பேண்ட்டா கொசுவலையா?"

"நல்ல துணிம்மா. தடிப்பா இருக்கு பாரு."

"தடிப்பு கீது, துணி எங்க கீது?"

கடைசியில் என் கல்யாணச் சட்டையைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பேரம் படிந்தது. கூடையிலேயே மெல்லிசாக இருப்பதாகப் பார்த்து எஸ்தர் டம்ளர்கள் கேட்டாள். "கனமா கேக்கறவங்களத்தான் பாத்துக்கீறேன், மெல்லிசா கேக்கறது நீதான்க்கா மொதல்ல" என்று அந்தப் பெண்மணி சந்தோஷமாகவே கொடுத்துவிட்டுப் போனாள். அந்த டம்ளர்களை மேசைமேல் வைத்தால் ஃபேன் காற்றில் நகரும். பழகுவதற்கு அதைவிடத் தோதான தகடு கிடையாது.

டம்ளர் கிடைத்தது. நிம்மதி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் தனியாக இருந்தார். அவருக்கு உலகத்தில் இரண்டே பிரியம், மாதாவும் கிரிக்கெட்டும். நான் நெருப்பைப் பற்ற வைக்க பட்டனை அழுத்தும்போதெல்லாம் செட் ஒரு பொறியை அனுப்பும். அந்தப் பொறி தெருவிலுள்ள ரேடியோக்களில் எல்லாம் 'கர்ர்ர்' என்று இரையும். முதல் நாள் அவர் தன் ரேடியோவைப் பிரித்துப் பார்த்தார். இரண்டாம் நாள் புது ஏரியல் கட்டினார். அடுத்த நாள் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"மிஸ்டர் சாமுவேல், நம்மாளு கேட்ச் கொடுத்தானா இல்லையான்னு எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. பந்து மேல போச்சு. அது மட்டும்தான் தெரியும். அதுக்கப்புறம் உன் மெஷின்தான் கமென்ட்ரி சொல்லுது!"

காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் பாதிக்கு மேல் எங்கள் சர்ச்சில் இருக்கும். அந்த ஆராதனை நேரத்தில் மட்டும் நான் பழகிக்கொள்ளலாம். அவர் கத்தோலிக்கர், விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு வந்துவிடுவார், ஆனாலும் அந்த நேரத்தில் ரேடியோவைத் தொடமாட்டார். எஸ்தர் மட்டும் சர்ச்சுக்குப் போவாள். ஐயர், அதாவது எங்கள் சர்ச் பாதிரியார், என்னைக் கேட்டால், "வீட்ல முழங்கால் போட்டுத்தான் உக்காந்திருக்காரு" என்று சொல்வாள். அது உண்மைதான். செட் தரையில் இருந்தது, முழங்கால் போடாமல் வேலை செய்ய முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் ஹீட்டரைச் சந்தித்தேன். ஹெட்மாஸ்டருக்கு அவர் மகன் நெய்வேலியிலிருந்து தண்ணீர் காயவைக்கும் கம்பி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். அவர் வீடும் என் வீடும் ஒரே கம்பத்தின் கடைசி இரண்டு வீடுகள். அவர் ஹீட்டர் போட்டால் என் நெருப்பு நோஞ்சானாகிவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது நான் என்ன செய்தேன்? உங்களைப் போலவே புத்திசாலித்தனமாக மெஷினின் திருகைத் திருப்பிக் கரண்டைக் கூட்டினேன். நெருப்பு நன்றாக எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவருக்குத் தண்ணீர் காய்ந்துவிட்டது. ஹீட்டரை நிறுத்தினார். குறைந்திருந்த கரண்ட் எல்லாம் ஒரே பாய்ச்சலாக என்னிடம் திரும்பி வந்தது. என் கையில் டம்ளரின் வாய் வளையம் மட்டும் இருந்தது.

இப்படி எத்தனையோ டம்ளர்களைப் பறிகொடுத்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். நெருப்பு தளர்ந்தால் அதோடு சண்டை போடக் கூடாது. கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சொல்லும்போது ஒரு வரிதான். செய்து பாருங்கள், தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை எந்தப் பட்டறையிலும் இல்லை. காது மட்டும் வேலை செய்ய வேண்டும். சில வாரங்களில் நெருப்பின் சத்தத்தை வைத்தே, அடுத்த வீட்டில் ஓடுவது இஸ்திரிப் பெட்டியா ஹீட்டரா என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த ஞாயிறு. எஸ்தர் பைபிளும் குடையுமாகச் சர்ச்சுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறாள். முதலாளியின் கார் தெருவுக்குள் புழுதி பறக்க வந்து நின்றது. முதலாளி இறங்கினார். அவருக்குப் பின்னால் நெட்டையாக, கழுத்தில் டையோடு ஒருவர் இறங்கினார்.

"சாமுவேலு, பேஜாராப் போச்சுய்யா!" என்றார் முதலாளி. "இன்ஸ்பெக்டரு இன்னிக்கி ராத்திரி ரயிலுக்குப் போறாரு. டெஸ்ட் இப்பவே வெக்கணும்னு நிக்கிறாரு. நான் போய்ப் புது மெஷின ஆன் பண்ணேன், குப்புனு புகை வந்துச்சு. அவ்ளோதான், மெஷின் காலி. உன் வூட்ல கீதே, அந்த ஓட்ட செட்டு, அது வேலை செய்யுதா?"

"செய்யுது முதலாளி. தகடு கொண்டாந்தீங்களா?"

முதலாளி தலையைச் சொறிந்தார். தகடு ஸ்டோர் ரூமுக்குள் இருந்தது. சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருந்தது. ஸ்டோர்கீப்பர் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "பூட்டை உடைச்சிருக்கலாமே" என்றேன். "உடைக்காமயா? திண்டுக்கல் பூட்டுய்யா. சுத்திதான் உடைஞ்சுது" என்றார்.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனி தின் ஸ்டெயின்லெஸ். எனிதிங்" என்றார். மெல்லிய ஸ்டெயின்லெஸ் எதுவாக இருந்தாலும் சரி, கிழித்து ஒட்டிக் காட்டு என்று அர்த்தம்.

வீட்டில் இருந்த டம்ளர்களில் ஓட்டை இல்லாதது ஒன்றுமில்லை. முதலாளி என்னைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன். இன்று போனால் பம்பாய் ஆள்தான், அடுத்த மாதக் கடைசியில் அந்த ஒரு வாக்கியம்கூட எனக்குக் கிடைக்காது. அப்போது எஸ்தர் பைபிளைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் எவர்சில்வர் டப்பா இருந்தது.

அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சீர் அது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக 'எஸ்தர்' என்று பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் உங்களுக்குத் தெரியும், அதை எளிதில் வெளியே எடுக்கமாட்டார்கள். அதில் அவள் எதையும் போட்டு வைத்ததுகூட இல்லை. வாரா வாரம் துடைத்து, அலமாரியில் பெயர் தெரியும்படி வைப்பாள்.

"வேணாம் எஸ்தர்" என்றேன்.

"பேரு இல்லாத பக்கமா வெட்டுங்க" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு கேஜை எடுத்துத் தகட்டின் கனத்தை அளந்தார். அளந்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "வெரி தின்" என்றார், ரொம்ப மெல்லிசாம். ரொம்ப கனமான பாத்திரம், அந்தக் காலத்து உருப்படி என்று மாமியார் சம்பந்திகள் நடுவே தூக்கிக் காட்டிக் கொடுத்தது அது. எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. இன்று வரைக்கும் திறக்கவில்லை. மெல்லிய தகட்டிலிருந்து கையை மட்டுமல்ல, சில இடங்களிலிருந்து வாயைக்கூட எடுத்துவிட வேண்டும் தம்பிகளா.

தகரம் வெட்டும் கத்தரியால் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் நேராகக் கிழித்தேன். அந்தச் சத்தத்துக்கு எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம், 'கர்ர்ர்'.

அந்த வாரம் நம்மூரிலேயே மேட்ச் நடந்துகொண்டிருந்தது. மேட்ச் நாளில் ஹெட்மாஸ்டர் ஒப்பந்தத்தை மதிப்பாரா? "சாமுவேல்!" என்று ஒரு கர்ஜனை கேட்டது. நான் நிறுத்தவில்லை. அப்புறம் ரேடியோவைப் படாரென்று அணைக்கும் சத்தம், "சரி, குளிச்சாவது தொலைக்கிறேன்" என்ற குரல், வாளி இழுபடும் சத்தம். வேறு யாருக்கும் அந்தச் சத்தங்களில் ஒன்றுமில்லை. அடுத்தது ஹீட்டர் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வெல்டிங் தையல் பாதி தூரம் வந்துவிட்டது. அழகாக, சீராக வந்துகொண்டிருந்தது. அப்போது நெருப்பின் சத்தம் இறங்கியது. ஹீட்டர்தான்.

டார்ச்சைத் தூக்கிவிட்டேன். ஷீல்டை நிமிர்த்தி, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏன்யா நிறுத்திகினே?" என்றார் முதலாளி.

"கரண்ட் இறங்கிடுச்சு முதலாளி. கொஞ்சம் இருங்க."

"இறங்கினா ஏத்துய்யா! திருகு எதுக்குக் கீது?" என்று அவரே குனிந்து மெஷினின் திருகில் கையை வைத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். என்னைப் பெர்மனன்ட் ஆக்கப் போகிறவர் அவர். வீட்டுக்குப் போ என்று சொல்லப் போகிறவரும் அவரே. அவர் பேச்சைக் கேட்டுக் கரண்டை ஏற்றி ஓட்டினால் தையல் முடிந்தாலும் முடியலாம். தண்ணீர் எப்போது காயும் என்பது ஹெட்மாஸ்டருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். நடுவில் காய்ந்துவிட்டால் எஸ்தருக்கு வளையம் மட்டும் மிஞ்சும்.

"கையை எடுங்க முதலாளி" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான், ஆனால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முதலாளி சுட்டுக்கொண்டவரைப் போலக் கையை இழுத்துக்கொண்டார். அவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். "ஹெட்மாஸ்டர் சார், ஹீட்டர் போட்டிருக்கீங்களா?"

பிறகு இடுப்பில் துண்டோடு சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "போட்டிருக்கேன். என் குளியலறைக்குள்ள நடக்கிறது உனக்கு எப்படிப்பா தெரியும்?"

இன்ஸ்பெக்டர் முதலாளியிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். முதலாளி தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார். "ஹி ஹியர், சார். நெய்பர் ஹீட்டர். இயர்ல ஹியர்." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், சுவருக்கு மேலிருந்த தலையைப் பார்த்தார், டார்ச்சைப் பார்த்தார். அப்புறம் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். காத்திருக்கலாம் என்று அர்த்தம்.

"சார், என் வேலையே இதுலதான் இருக்கு. கொஞ்ச நேரம் அதை நிறுத்த முடியுமா?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டேன்.

நான் கிழித்து வைத்திருந்த டப்பாவை அவர் பார்த்தார். பக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற எஸ்தரையும் பார்த்தார். தலையை இறக்கிக்கொண்டார். ஹீட்டர் நின்றது. அது மட்டுமல்ல, அவர் துண்டோடு வாசலுக்கு வந்து தெருவில் நின்றுகொண்டு, "ஒருத்தரும் இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது, ஒருத்தரும் லைட் போடக் கூடாது" என்று பள்ளிக்கூடக் குரலில் அறிவித்தார். தெருவில் மிச்சமிருந்தவர்கள் அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்களோ, அடி வாங்கியவர்களோதான். எல்லா ஸ்விட்சும் அணைந்தன.

மறுபடி பற்ற வைத்தேன். விட்ட இடத்திலிருந்து பிடித்து அடிவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். டார்ச்சை எடுத்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நேரான தையலை அதற்கு முன்னாலும் போட்டதில்லை, அதற்குப் பின்னாலும் போட்டதில்லை.

எஸ்தர் டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி வாசலில் ஒரு காய்ந்த துணியின்மேல் வைத்தாள். சர்ச் விட்டு எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். பைபிளும் கையுமாகப் பெரிய கூட்டமே கூடிவிட்டது. அந்தத் துணியையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐயர் வந்தார், அவரும் நின்று பார்த்தார். "எரியாத கேஸ்னு சொன்னாங்களே" என்று யாரோ ரகசியமாகச் சொன்னார்கள். துணி நனையவே இல்லை.

இன்ஸ்பெக்டர் என் கையைக் குலுக்கினார். முதலாளி என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு, "திங்கக்கெழமை வந்துரு" என்றார். பிறகு திருத்திக்கொண்டு, "எப்பவும் வந்துரு" என்றார். எஸ்தர் சிரித்துக்கொண்டே அழுதாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டு டப்பாவைத் தம் பையில் வைக்கப் போனார். தையலை வெட்டி, வளைத்து, ஒடித்துப் பார்க்க வேண்டுமாம். அதுதான் கம்பெனி விதியாம். முதலாளி இதை மென்று விழுங்கிச் சொன்னார். எஸ்தருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒட்டிக் கொடுத்துவிட்டால் டப்பா திரும்ப வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நானும்தான்.

அவள் ஒரு நிமிஷம் அந்த டப்பாவையே பார்த்தாள். "எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். "பேரு இருக்கிற துண்டை மட்டும் குடுத்துட்டுப் போகட்டும்."

கத்தரியை என்னிடம் வாங்கி அந்தத் துண்டை வெட்டியவர் இன்ஸ்பெக்டர்தான். ஓரங்கள் கையைக் கிழிக்காமல் இருக்க அரம் போட்டு ராவி, இரண்டு கையாலும் எஸ்தரிடம் கொடுத்தார்.

பெர்மனன்ட் ஆன முதல் சம்பளத்தில் பாண்டி பஜாருக்குப் போய் ஒரு டப்பா வாங்கினேன். நிஜமாகவே கனமானது. அதன் பக்கத்தில் அந்தப் பெயர்த் துண்டை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றேன். எஸ்தர் எதிரே மணை போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூன்று பக்கமும் பிரமாதமாக வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடைசி மூலையில், 'ர்' எழுத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. துண்டைத் தாண்டி டப்பாவுக்குள்ளேயே போய்விட்டது. ஹெட்மாஸ்டர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. பழி போட ஆளில்லை.

ஒரே ஒரு சொட்டு, மூடிவிடலாம் என்று என் கை கம்பியைத் தேடிப் போனது.

"தொடாதீங்க" என்றாள் எஸ்தர். "கையை எடுங்க."

எடுத்துவிட்டேன்.

அந்த ஓட்டை இன்றைக்கும் குண்டூசி அளவிலேயே இருக்கிறது. டப்பாவில் தண்ணீர் நிற்காது, அதனால் புளி வைத்திருக்கிறாள். நான் பெர்மனன்ட் ஆன பிறகு வீட்டுக்கென்று போட்ட முதல் வேலை அது. எந்த இன்ஸ்பெக்டர் பார்த்தாலும் ஃபெயில்தான் போடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறாள்.